காலியிடம் உண்டு, பட்டியல் எங்கே?

2024 மார்ச்சில் அமெரிக்க மருத்துவமனைகள், மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய ‘ரெசிடென்சி’ பயிற்சிக்கு 41,503 இடங்களை அறிவித்தன. ‘மேட்ச்’ எனப்படும் கணினி ஒதுக்கீடு முடிந்தபோது 2,500-க்கும் மேற்பட்ட இடங்கள் நிரம்பாமல் நின்றன. குடும்ப மருத்துவத்தில் மட்டும் அறுநூறுக்கு மேல். அதே ஆண்டில், வெளிநாட்டில் படித்து விண்ணப்பித்த வெளிநாட்டுக் குடிமக்களில் ஐந்தில் இருவருக்கு இடம் கிடைக்கவில்லை. இடமும் மிச்சம், ஆளும் மிச்சம்.

இது நமக்கும் சம்பந்தப்பட்ட கணக்கு. சென்னையிலும் மதுரையிலும் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு யுஎஸ்எம்எல்இ என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளை எழுதும் இளைஞர்கள் ஆண்டுதோறும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ரெசிடென்சி பயிற்சி பெறாமல் மருத்துவம் பார்க்க முழு உரிமம் கிடையாது. இங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய நிபுணர்கூட அங்கே முதலாண்டிலிருந்து தொடங்க நேர்கிறது.

திங்கள் முதல் வியாழன் வரை

1952 முதல் நடந்துவரும் மேட்ச் முறையைக் குறை சொல்வது எளிதல்ல. மாணவர் விரும்பும் வரிசையையும் மருத்துவமனை விரும்பும் வரிசையையும் பொருத்திப் பார்க்கும் அதன் கணக்கைச் செம்மைப்படுத்தியவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு, லாயிட் ஷேப்லியுடன் சேர்த்து, 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. மிஞ்சிய இடங்களை நிரப்பும் முறை சீரானதும் அதே ஆண்டில்தான். அதுவரை, காலியிடப் பட்டியல் வெளியான நொடியிலேயே ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியோடும் ஃபேக்ஸோடும் மல்லுக்கட்டினார்கள். ‘ஸ்கிராம்பிள்’ என்றே அதற்குப் பெயர். யாருடைய அழைப்பு முதலில் விழுந்ததோ அவருக்கு அதிர்ஷ்டம்.

அந்த இடத்துக்கு வந்தது ‘சோப்’ முறை. மார்ச் மூன்றாவது வாரத் திங்கள்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்று மின்னஞ்சல் வரும். கிடைக்காதவர்களில் தகுதியுள்ளோருக்குக் காலியிடப் பட்டியல் திறக்கும். அதிகபட்சம் 45 பயிற்சித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனை கூப்பிடும் வரை விண்ணப்பதாரர் தொடர்புகொள்ளக் கூடாது. தெரிந்தவர்களை விட்டுப் பேசவைக்கவும் கூடாது. வியாழக்கிழமை சுற்றுச் சுற்றாக அழைப்பு வரும். இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்க வேண்டும். மறுத்தால் அதே இடம் திரும்ப வராது. கடுமையான விதிகள்தான். ஆனால், எல்லோருக்கும் ஒரே விதி.

மீதி மாதங்களில்?

சிக்கல் அந்த வாரம் முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது. ரெசிடென்ட் ஒருவர் துறை மாறுகிறார், உடல்நலம் குன்றி விலகுகிறார், வேறு ஊருக்குப் போகிறார். ஆண்டின் நடுவில் இரண்டாமாண்டு இடம் ஒன்று காலியாகிறது. அது பெரும்பாலும் மேட்ச் வழியே நிரப்பப்படுவதில்லை. அறுவை சிகிச்சை போன்ற சில துறைகளின் பயிற்சி இயக்குநர் சங்கங்கள் தங்கள் இணையதளத்தில் அறிவிப்பு போடுகின்றன. சில மருத்துவமனைகள் துறைப் பக்கத்தின் ஒரு மூலையில் போட்டுவைக்கின்றன. மற்ற காலியிடச் செய்திகள் வாய்மொழியாகவே பரவுகின்றன: சீனியரின் வாட்ஸ்அப், பேராசிரியரின் ஒரு தொலைபேசி அழைப்பு. அங்கே ஆள் பழக்கம் இருப்பவருக்குச் சேதி வரும். திருநெல்வேலியிலிருந்து முயல்பவருக்கு வராது. இந்த இடைவெளியில்தான் ‘காலியிடப் பட்டியல்’ என்று சொல்லிக் காசு பார்க்கும் தளங்கள் பிழைக்கின்றன.

‘இது மருத்துவமனையின் சொந்த விஷயம்’ என்று சொல்ல முடியுமா? ரெசிடென்சிக்கு வரும் அரசு நிதியில் பெரும்பங்கை மெடிகேர் என்ற அரசுத் திட்டம் தருகிறது. அது நிதி தரும் இடங்களுக்கு 1997-இல் நாடாளுமன்றம் உச்சவரம்பும் விதித்தது. அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் விலைமதிப்பு ஏறிவிட்டது. 2019-இல் பிலடெல்ஃபியாவின் ஹானமன் மருத்துவமனை திவாலானபோது அந்த மதிப்பு வெளிச்சத்துக்கு வந்தது. 550-க்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களுடைய ரெசிடென்சி இடங்களோ ஏலத்துக்குப் போயின. 5.5 கோடி டாலருக்குக் கேட்டார்கள். திவால் நீதிமன்றம் ஒப்புக்கொள்ள, மத்திய அரசு எதிர்த்து மேல்முறையீடு செய்தது. பொதுப் பணத்தில் உருவான இடம் தனியார் சொத்தல்ல என்பதுதான் அந்த எதிர்ப்பின் சாரம். அப்படியென்றால், அந்த இடம் காலியாக இருக்கும் தகவலும் தனியார் ரகசியமாக இருக்கக் கூடாது.

நம்மூர் நீட் முதுநிலைக் கலந்தாய்வை ஆயிரம் குறை சொல்கிறோம். பலவும் நியாயமான குறைகள். ஆனால், எந்தக் கல்லூரியில் எந்தத் துறையில் எத்தனை இடம் மிச்சம் என்ற பட்டியல் சுற்றுவாரியாக இணையத்தில் வெளியாகிறது. மாணவர், பெற்றோர், பத்திரிகையாளர் என யாரும் பார்க்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கா நம்மிடம் கற்றுக்கொள்ளலாம்.

பட்டியல் போட்டால் விண்ணப்பங்கள் குவிந்துவிடும் என்பது மருத்துவமனைகளின் பயம். அது பொய்யல்ல. அதற்கு மருந்தும் அவர்கள் கையிலேயே இருக்கிறது: சோப் முறையில் ஒருவருக்கு 45 விண்ணப்பம் என்று வரம்பு வைத்ததைப் போல இந்தப் பட்டியலுக்கும் வைக்கலாம். கூட்டத்தைக் கட்டுப்படுத்த எண்ணிக்கை வரம்பு போதும். தகவலை மறைக்கத் தேவையில்லை.

விண்ணப்பிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலியிடம் என்பதாலேயே அது உங்களுக்கான இடம் ஆகிவிடாது. ஜே-1 விசாவை மட்டும் ஏற்கும் இடங்கள் உண்டு, எந்த விசாவையும் ஏற்காத இடங்களும் உண்டு. பட்டம் பெற்று இத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஃப்ரெய்டா தளத்திலும் மருத்துவமனையின் சொந்தப் பக்கத்திலும் இவற்றைச் சரிபார்த்த பிறகே கட்டணம் செலுத்துங்கள். பட்டியல் விற்பவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

தீர்வு கடினமானதல்ல. பயிற்சி இடங்களுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ அமைப்பு ஒரு விதி கொண்டுவந்தால் போதும்: ஆண்டின் எந்த மாதத்தில் இடம் காலியானாலும், விசா நிபந்தனையோடு ஒரே பொதுப் பட்டியலில் அறிவித்து, குறிப்பிட்ட நாள்கள் காத்திருந்த பிறகே நிரப்ப வேண்டும். மருத்துவர் பற்றாக்குறை பற்றி அறிக்கை மேல் அறிக்கை வெளியிடும் நாடு, இருக்கும் காலியிடத்தை முதலில் ஊரறியச் சொல்ல வேண்டும்.