சுரங்க வாயிலுக்கு வைத்தியம் வரட்டும்!

2020 ஜூலை 1ந் தேதி நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. தொழிலாளர்கள் மாண்டார்கள். செய்தி நாடெங்கும் பரவியது. விசாரணை, நஷ்ட ஈடு என்று நிர்வாகம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்பி, படுத்த பாயிலேயே மாரடைப்பால் போகிறவனுக்கு விசாரணை ஏது? “நேற்றுக்கூட நன்றாகத்தானே இருந்தான்” என்று ஊர் சொல்லும். அத்தோடு கணக்குத் தீர்ந்தது.

உண்மையில் அவன் நன்றாக இருந்தானா? ரத்தக் கொதிப்பு வலிக்காது. 140க்கு 90 என்ற அளவைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் நிற்கும். உடம்பு வாய் திறக்காது. அளந்து பார்த்தால்தான் தெரியும். யார் அளப்பது, எங்கே அளப்பது, அளந்த பிறகு மருந்து யார் கொடுப்பது என்பதே நமது கேள்வி.

இதே கேள்விக்கு அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே விடை தேடி வருகிறார்கள். நெய்வேலித் தொழிலாளி அதைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே கறுப்பின ஆண்களிடம் ரத்தக் கொதிப்பு அதிகம். இதய நோய்க்கு வெள்ளையரைவிடச் சிறு வயதிலேயே பலியாகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லாத நாடுதான். ஆனால் அந்த ஆஸ்பத்திரிகள் மீது அவர்களுக்கு நம்பிக்கை குறைவு. எப்படி இருக்கும்? அலபாமாவில் டஸ்கேகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை தராமல், நோய் முற்றினால் என்ன ஆகும் என்று அரசாங்கச் சுகாதார இலாகாவே குறிப்பெடுத்துக் கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை!

ஆகவே வைத்தியர்கள் சர்ச்சைத் தேடிப் போனார்கள். கறுப்பின மக்களுக்குச் சர்ச் வெறும் ஜெபக்கூடமல்ல. 1955ல் மாண்ட்கோமரி நகரில் பஸ் பகிஷ்காரத்துக்கு மக்கள் திரண்ட இடம் அது. நியூயார்க்கில் 32 சர்ச்சுகளில் 373 பேரைச் சேர்த்து ஒரு பரிசோதனை நடந்தது. சபையின் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, உணவு, உப்பு, மருந்து பற்றிப் பாடம் நடத்தினார்கள். 6 மாதத்தில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு, அந்தப் பாடம் நடக்காத சர்ச்சுகளைவிடச் சுமார் 6 புள்ளி கூடுதலாக இறங்கியது. நல்லதே. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் எங்கே?

சலூனில் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் டாக்டர் ரொனால்ட் விக்டர் குழுவினர் 52 சலூன்களில் 319 கறுப்பின ஆண்களைச் சேர்த்தார்கள். சில கடைகளில் முடிதிருத்துவோர் புத்தி சொல்லி டாக்டரிடம் போகச் சொன்னார்கள். மற்றவற்றில் மருந்தாளுநரே கடைக்கு வந்து அளந்து, மருந்தும் எழுதித் தந்தார். 2018ல் வெளியான முடிவு: முதல் வகையில் 9 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 27 புள்ளி! உபதேசத்துக்கும் கைக்கு வந்த மருந்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

சர்ச் செய்தது நல்ல காரியம். நமக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. அதைக் காட்டி அரசாங்கம் தன் பொறுப்பைப் பாதிரியார் தலையில் இறக்கிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1957 மே 20ல் நேரு சுரங்க வேலையைத் தொடக்கி வைத்த ஊர் இது. நிலக்கரியோடு டவுன்ஷிப்பும் ஆஸ்பத்திரியும் வளர்ந்தன. கூடவே காண்டிராக்ட் முறையும் வளர்ந்தது. நிரந்தரம் கேட்டு 2012லும் 2014லும் 2023லும் காண்டிராக்ட் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போகிறவனிடம், வேலை நாளைக்கு உண்டா என்று தெரியாதவனிடம், “கவலைப்படாதே, உலாவப் போ” என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பது கேலி.

தமிழக அரசு 2021ல் மக்களைத் தேடி மருத்துவத்தையும், 2024ல் தொழிலாளரைத் தேடி மருத்துவத்தையும் தொடங்கியது. திசை சரி, பாராட்டுகிறோம். ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தின் எஜமானன் மத்திய சர்க்கார். 1955ம் ஆண்டுச் சுரங்க விதிகள் 5 ஆண்டுக்கு ஒரு பரிசோதனை என்றன. 2025 நவம்பர் 21ல் நான்கு சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, 40 வயது கடந்தவருக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை என்று சர்க்கார் தண்டோரா போட்டது. தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம். அதற்காகக் கொடுத்த வாக்கைத் திரும்பக் கேட்காமல் விடமாட்டோம்.

காண்டிராக்ட் தொழிலாளி உள்பட எல்லோருக்கும் ஷிப்ட் மாறும் வேளையில் சுரங்க வாயிலிலும் மின் நிலைய வாயிலிலும் ரத்த அழுத்தம் அளக்க வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. மாதாந்திர மாத்திரை அதே இடத்தில் கைக்கு வர வேண்டும். வெயிலில் நிற்பவனுக்கு நிழலும் குடிதண்ணீரும் ஓய்வும் மருந்தோடு சேர்ந்தவையே.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. கொதிப்பு இருப்பது தெரிந்தால் “அன்ஃபிட்” என்று கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை எந்தத் தொழிலாளியும் கையை நீட்ட மாட்டான். டஸ்கேகியின் பாடம் இங்கேதான் பொருந்துகிறது. அளந்த சீட்டு தொழிலாளி கையில் இருக்கட்டும். அதைக் காட்டி ஒருவரையும் வெளியேற்ற மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்து மூலம் சங்கங்களிடம் ஒப்புக்கொள்ளட்டும். அதுவரை சங்க அலுவலகங்களில் நாமே ஒரு கருவியை வைத்து அளக்கத் தொடங்கலாம். டவுன்ஷிப்பிலுள்ள சர்ச்சுகளும் கோயில்களும் மசூதிகளும் கை கொடுத்தால் வரவேற்போம்.