நெடுத்த கன்று வேண்டாம்

சுன்னாகம் சந்தையில் மிளகாய்க் கன்று வாங்குகிற ஆட்கள் நெடுத்ததைத்தான் தேடுகிறார்கள். எனக்கு அது பிடிபடுவதில்லை. வெளிச்சம் போதாமல் இழுபட்டு வளர்ந்த கன்று எங்கள் செம்மண்ணில் முதல் வெயிலுக்கே சாய்ந்துவிடும். நீங்களே கன்று போடுவதானால், விறாந்தையில் தட்டு வைத்து, தும்புத்தூளில் விதைப்பது நல்லதுதான். கோழி கிளறாது, மழை அடிக்காது. ஆனால் முளை கண்டதும் வெளிச்சத்துக்கு எடுக்கவேண்டும். தண்ணீரை அள்ளி ஊற்றினால் அடித்தண்டு அழுகிப்போகும். நடுகைக்கு ஒரு கிழமை முந்தியே தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தண்டு முற்றும். நாலைந்து கிழமைக் குட்டைக் கன்றே போதும். பின்னேரம், வேர்மண் உதிராமல் நட்டு, கிடுகுத்துண்டால் இரண்டு மூன்று நாள் மறைத்துவிடுங்கள். சந்தையில் வாங்குவதானால், விலை பேசுமுன் இலையின் அடியையும் திருப்பிப் பாருங்கள். இலைச்சுருட்டலைக் கொண்டுவரும் வெள்ளை ஈ அங்கேதான் ஒட்டியிருக்கும்.