மூக்கும் முகங்களும்

தோழி ஒருவர் சென்ற ஆண்டு மூக்குத் தண்டை நேராக்கிக்கொள்ள ஊசிவழி ஃபில்லர் போட்டுக்கொண்டார். கத்தியில்லை, தழும்பில்லை, அரைமணி நேர வேலை என்றே சொல்லப்பட்டதாம். சில மாதங்களில் அது பக்கவாட்டில் பரவி, புருவங்களுக்கிடையே தடித்துப்போயிற்று. இப்போது அறுவை சிகிச்சையை யோசிக்கிறார். சுற்றியிருப்போர் அனைவரும் சொல்வது ஒன்றுதான்: 'இருந்ததே போதும் என்று இருந்திருக்கலாமே.' இந்த வாசகம்தான் என்னை எழுதவைத்தது.

அகுதாகவா 1916இல் எழுதிய 'மூக்கு' என்ற சிறுகதை நினைவுக்கு வருகிறது. நாடிவரை தொங்கும் மூக்கைப் பெரும்பாடுபட்டுக் குறுக்கிக்கொள்ளும் துறவியைப் பார்த்து ஊர் முன்னிலும் அதிகமாகச் சிரிக்கிறது. மூக்கு பழையபடி நீண்டதும் அவர் நிம்மதியடைகிறார். தற்பெருமைக்கு விழுந்த அடியாக இக்கதையை வாசிப்பவர்கள் உண்டு. எனக்கோ அது பார்ப்பவர்களைப் பற்றிய கதை. பிறர் துன்பத்துக்கு இரங்குகிறவர்களே, அவர் அதிலிருந்து மீண்டுவிட்டால் ஏதோ ஏமாற்றம் கொள்கிறார்கள். தோழியைச் சூழ்ந்திருக்கும் அறிவுரையிலும் அந்த ஏமாற்றத்தின் சாயல் இருக்கிறது.

அதற்காக உடனே கத்தியை நாடச் சொல்லவும் மனம் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாடிஸ் டீக்கன் என்னும் அமெரிக்கப் பேரழகி, கிரேக்கச் சிலையின் மூக்கை விரும்பிப் பாரஃபின் மெழுகை ஏற்றிக்கொண்டார். மெழுகு நழுவி இறங்கி முகத்தைக் குலைத்தது. 1921இல் மார்ல்பரோ கோமகனை மணந்து, 1977 வரை வாழ்ந்த அவரை அந்தச் சிதைவு கடைசிவரை விடவில்லை.

தோழியின் நிலை அத்தனை மோசமில்லை. அவருக்குச் செலுத்தப்பட்டது ஹையலூரானிக் அமிலம். ஹையலூரானிடேஸ் என்ற நொதியால் அதைக் கரைத்துவிடலாம். முதலில் அதைச் செய்யட்டும், வீக்கம் வடியட்டும், சொந்த மூக்கை மறுபடி ஒருமுறை பார்க்கட்டும். அறுவை சிகிச்சை அப்படியல்ல. எலும்பும் குருத்தெலும்பும் மாற்றியமைக்கப்படும். வீக்கம் முற்றிலும் வடிய ஓராண்டு வரை ஆகலாம். பிசகினால் மூச்சே தடைப்படலாம். மறுமுறை திறக்கும்போது தழும்புத் திசு குறுக்கே நிற்கும். காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுக்க நேரலாம்.

இத்தனையும் அறிந்த பிறகும் அவர் வேண்டுமென்றால், அது அவருடைய மூக்கு. நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: முதல் ஊசியின் அவமானத்தை அழிப்பதற்காக இரண்டாவது முடிவை எடுக்க வேண்டாம். ஊர் சிரித்ததற்காக ஒருமுறை, சிரிப்பு நிற்காததற்காக மறுமுறை என்று போனால், அந்தத் துறவியைப்போல நாமும் ஊரின் முகத்தைப் பார்த்தே நம் மூக்கை அளந்துகொண்டிருப்போம்.