மெதுவாக ஓடக் கற்றேன்

சென்ற இதழில், ஐம்பது வயதைக் கடந்த ஒருவன் மும்பை மாரத்தானில் ஓடத் துணிந்த கதையைத் தொடங்கிவிட்டு நடுவழியில் நிறுத்தியிருந்தேன். "அந்த 32 கிலோமீட்டர் ஓட்டம் என்னவாயிற்று?" என்று மாட்டுங்கா கடைத்தெருவில் அன்பர்கள் இருவர் என்னை மறித்துக் கேட்டார்கள். அவர்களுள் ஒருவர், "அவ்வளவு தூரம் போக வேண்டுமானால் லோக்கல் வண்டி இருக்கிறதே, ஐயா!" என்று சொல்லிச் சிரித்தும்விட்டார். அவருக்கும் சேர்த்தே இம்மாதம் விடை கூறுகிறேன்.

புதிய வாசகர்களுக்காகத் தூரக் கணக்கை முதலில் சொல்லிவிடுவது நலம். 1896-ஆம் ஆண்டு ஆதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் போட்டியில் மாரத்தான் ஓட்டம் சேர்க்கப்பட்டது. ஸ்பிரிடன் லூயிஸ் என்னும் கிரேக்கர் அதில் வெற்றி பெற்றார். அன்று தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908-இல் லண்டனில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டரே பின்னர் 1921-இல் நிலையான தூரமாக வகுக்கப்பட்டது. நம் மும்பையில் 2004-ஆம் ஆண்டு இப்பந்தயம் தொடங்கிற்று. 2009-இல் திறக்கப்பட்ட பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்தில் மற்ற நாட்களில் எவரும் காலால் நடக்க இயலாது. பந்தய நாளன்று ஓடுவோருக்கு அந்தப் பேறு கிடைக்கிறது.

இதற்குப் பயிற்சி செய்வோர் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் குறைந்த தூரமும், ஞாயிறன்று மட்டும் நெடுந்தூரமும் ஓடுவது வழக்கம். அந்த நெடுந்தூரம் 12, 15, 18 என்று படிப்படியாக வளர்ந்து, பந்தயத்துக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன் 30 அல்லது 32 கிலோமீட்டரில் உச்சத்தை அடையும். எஞ்சிய பத்துக் கிலோமீட்டரைப் பந்தய நாளுக்கென்றே வைத்துவிடுவார்கள்.

இதற்குத் தக்க காரணம் உண்டு. நம் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாச்சத்து ஏறத்தாழ 500 கிராம். ஓடுகிறவனுக்கு அதுவே முதன்மையான விறகு. 30 கிலோமீட்டர் அளவில் அந்த விறகு பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. உடலில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது விரைந்து எரிவதில்லை. ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதும் நிலைதான். ஆகவே, கொழுப்பையும் நன்றாகப் பயன்படுத்த உடலைப் பழக்கவும், கையிருப்பைச் சிக்கனமாகச் செலவிட மனத்தைப் பழக்கவுமே இந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் ஏற்பட்டது. வேகத்துக்கு இதில் இடமே இல்லை. இந்த உண்மையை நான் ஏட்டில் படித்திருந்தேன், காலில் கற்கவில்லை.

நான் ஏன் இந்தக் காரியத்தில் இறங்கினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. என் தந்தையார் 1960-களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்தவர். பருத்தி ஆலை ஒன்றில் கணக்கெழுதி எங்களை ஆளாக்கினார். நாங்கள் எழுமுன் புறப்பட்டு, உறங்கிய பின் வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவரை நாங்கள் முழுதாகக் கண்ட நாள். 54-ஆம் வயதில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. எனக்கு இப்போது வயது 52. "சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது" என்று வைத்தியர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்னார். மறுநாளே நடக்கத் தொடங்கினேன். நடை நாளடைவில் ஓட்டமாயிற்று. அச்சமே என்னை ஓட்டிற்று என்றால் மிகையாகாது.

முதல் முயற்சி நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு. அதற்கு முன் நான் ஓடியிருந்த மிகுந்த தூரம் 22 கிலோமீட்டர். படிகளில் ஏறப் பொறுமையின்றி ஒரே தாவாகத் தாவினேன். மாட்டுங்காவில் என் வீட்டிலிருந்து தாதர், சிவாஜி பார்க், பிரபாதேவி, வொர்லி, ஹாஜி அலி, பெடர் ரோடு, சௌபாத்தி வழியாக மெரின் டிரைவின் தென்கோடியான நரிமன் பாயிண்ட் வரை 16 கிலோமீட்டர். திரும்பி வர இன்னொரு 16. விடியற்காலை, வெறிச்சோடிய வீதி, புதுச் செருக்கு! கிலோமீட்டருக்கு ஏழு நிமிடமாகப் பறந்தேன். நால்வர் கொண்ட இளைஞர் கூட்டம் ஒன்றை முந்திச் சென்றேன்; அந்தப் பெருமிதத்தில் தண்ணீர் குடிக்கவும் மறந்தேன்.

வெயில் ஏறிற்று. 22-ஆம் கிலோமீட்டரில் தொடை இறுகியது. 25-இல், வொர்லிக் கடலோரச் சுவரின்மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்க இயலாமற் போயினேன். நான் முந்திச் சென்ற அதே இளைஞர்கள் தமக்குள் பேசிச் சிரித்துக்கொண்டே என்னைக் கடந்து போனார்கள். நான் டாக்ஸி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன்.

வீட்டில் நான் எதிர்பார்த்தது ஆறுதல். மனைவி கோபிக்கவில்லை. கால் வைக்க வெந்நீர் கொணர்ந்து கொடுத்தாள். ஆனால் அன்று காலை என் தாயாரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, வந்த விருந்தினரைக் கவனித்து, மகளின் தேர்வுக்கு வேண்டியதைப் பார்த்ததெல்லாம் அவள் ஒருத்திதான். மாலை வரை நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. விளக்கு வைத்த பிறகு மெல்லச் சொன்னாள்:

"மாமாவை ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் கண்ணாரப் பார்த்தோம் என்று நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். இப்போது நம் பெண்ணுக்கு அந்த ஞாயிறும் இல்லை. எங்களோடு நெடுநாள் இருக்க வேண்டும் என்றுதானே ஓடுகிறீர்கள்? அந்த ஓட்டத்துக்காகவே வீட்டில் இல்லாமல் போய்விடுகிறீர்களே! எனக்கு எந்தக் கிழமை ஓய்வு என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா?"

அன்பர்களே, தொடை வலி இரண்டு நாளில் தீர்ந்தது. இந்தச் சொல் தீரவில்லை. எண்ணிப் பார்க்கையில், வீதியில் செய்த பிழையும் வீட்டில் செய்த பிழையும் ஒன்றே என்று விளங்கிற்று. இரண்டிடத்தும், முன்பின் பாராமல் எனக்கு வேண்டியதை ஒரே மூச்சில் அள்ளிக்கொள்ளப் பார்த்தேன். அதன் செலவைப் பிறகு யார் கொடுப்பது என்று கணக்குப் பார்க்கவில்லை. கணக்கெழுதியவர் மகனுக்கு இது அழகன்று.

அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஞாயிறன்று அதிகாலை 4.30-க்குப் புறப்பட வேண்டும். ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அதன்பின் அந்நாள் வீட்டுக்கே உரியது. ஓடிக் களைத்தேன் என்று படுக்கலாகாது. சனிக்கிழமைக் காலை நேரம் முழுதும் என் மனைவிக்கு உரியது. அவள் பக்கத்து வீட்டு அம்மாளுடன் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடக்கப் போவாள். தாயாரும் அடுப்பும் என் பொறுப்பு. முதல் சனிக்கிழமை நான் கிண்டிய உப்புமாவைப் பற்றி இங்கே எழுதாதிருப்பதே மரியாதை. மூன்றாம் வாரம் தாயார் ஒன்றும் சொல்லாமல் உண்டார். அதையே பாராட்டாகக் கொண்டேன்.

ஓட்டத்திலும் ஒழுங்கு வந்தது. பல மாரத்தான்களை ஓடி முடித்த பெரியவர் ஒருவர் எளிய அளவுகோல் ஒன்று சொன்னார்: "பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி." அதன்படி 24, 26, 28 என்று ஏறி, இடையே ஒரு வாரம் குறைத்து ஓடி, டிசம்பர் மூன்றாம் ஞாயிறன்று மீண்டும் 32-க்குப் புறப்பட்டேன்.

நான்கு மணிக்கு இரண்டு வாழைப்பழமும், உப்பிட்ட ஒரு குவளை நீராகாரமும். பையில் பேரீச்சம்பழம், வெல்லமும் உப்பும் கலந்த எலுமிச்சைச் சாறு. வேகம், கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். தாதர் பூச்சந்தையில் செவ்வந்தி மூட்டைகளைத் தலையில் சுமந்து வந்தவர்கள் ஏறக்குறைய என் வேகத்திலேயே போனார்கள். பிறகு எத்தனையோ பேர் என்னை முந்தினார்கள். ஒவ்வொரு முறையும் கால் துடித்தது, அடக்கினேன். முதற் பத்துக் கிலோமீட்டரில் அந்தத் துடிப்பை அடக்குவதே அன்றைய உண்மையான பயிற்சி என்று இப்போது தோன்றுகிறது.

நரிமன் பாயிண்டில் திரும்பியபோது கீழ்வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. பெடர் ரோட்டு மேட்டைக் கண்டு மாரத்தான் ஓடியவர்கள் பலர் கலங்கியதுண்டு. திரும்பும் வழியில் அம்மேட்டில் அடியைச் சுருக்கி, பார்வையைத் தாழ்த்தி, பொறுமையாக ஏறினேன். 25-ஆம் கிலோமீட்டரில் அதே வொர்லிச் சுவர் எதிர்ப்பட்டது. உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு பேரீச்சம்பழத்தை மென்று, சாற்றைப் பருகிவிட்டு நகர்ந்தேன்.

27-க்கு மேல் சோதனை வந்தது. முழங்கால் கெஞ்சிற்று; "28 போதாதா?" என்று மனம் பேரம் பேசிற்று. அப்போது பழைய நினைவு ஒன்று துணைக்கு வந்தது. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் நீண்ட ரயில் பிரயாணத்தில், "எப்போது ஊர் வரும்?" என்று நாங்கள் நச்சரித்தால், தந்தையார் ஊரைப் பற்றியே பேசமாட்டார். "அடுத்த ஸ்டேஷன் எது, பார்க்கலாம்" என்பார். அவ்வாறே அடுத்த விளக்குக் கம்பம், அதற்கடுத்த கம்பம் என்று மட்டும் பார்த்து ஓடினேன்.

சிவாஜி பார்க் மூலையில் என் மகள் சைக்கிளுடன் நின்றிருந்தாள், நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி மூன்று கிலோமீட்டர் கூடவே வந்தாள். "ஏதாவது பேசுங்கள் அப்பா, முழு வாக்கியமாக!" என்று கட்டளையிட்டாள். அவள் பார்த்திராத தன் தாத்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓடினேன். வாக்கியங்கள் சில உடைந்தன. அதற்கு மூச்சு மட்டும் காரணமன்று. மாட்டுங்காப் பூக்கடைகளில் சரம் தொங்கத் தொடங்கியிருந்தது. வாசலை அடைந்தபோது மணி 8.55. மனைவி கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது" என்றாள். பிறகு நான் குளித்துவிட்டுத் தாயாருக்கு மருந்து கொடுத்தேன், பகலில் படுக்கவில்லை.

ஓட விரும்பும் அன்பர்களுக்கு என் அனுபவத்தில் சில சொற்கள். நாற்பதைக் கடந்தவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் காண்க. தூரத்தை வாரத்துக்குச் சிறிதளவே கூட்டுக. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உட்கொள்வது நல்லது. பழமோ வெல்லமோ போதும். தாகத்துக்குத் தக்கபடி நீர் பருகுக. வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்ப் பேராபத்தாகும். மார்பில் வலியோ தலைச் சுற்றலோ கண்டால் அந்த இடத்திலேயே நிற்க. அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் ஓட்டத்தின்போது வீட்டுச் சுமையைத் தாங்குவது யார் என்று கேட்டு, அவருக்கும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குக.

லோக்கல் வண்டியைச் சொன்ன அன்பருக்கு: ஐயா, வண்டி இருக்கிறது, என் தந்தையார் ஆயுள் முழுதும் அதில்தான் சென்றார். என் உடம்பை அவரைவிடச் சற்று நேரத்தோடு கவனிக்க முயல்கிறேன், அவ்வளவே.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது பந்தயத்துக்கு இரு வாரங்களே இருக்கும். இனிப் பயிற்சி குறைவு, உறக்கம் மிகுதி. 42-ஐயும் முடித்தேனா, நடுவில் நின்றேனா என்பதை அடுத்த மாதம் ஒளிக்காமல் எழுதுவேன். எப்படியாயினும் அன்று பகல் உணவுக்கு வீட்டில் இருப்பதாக வாக்களித்திருக்கிறேன். அதற்கு முந்திய சனிக்கிழமைக்கும் என் உப்புமாதான்.