பருமனும் பாலிஸியும்

நம் நாட்டில் நெடுநாள் காணாத ஒருவரைச் சந்தித்தால், "உடம்பு சற்றுப் பூசினாற்போல் இருக்கிறதே!" என்று சொல்வது மரியாதை. "இளைத்துப் போய்விட்டீர்களே!" என்பது அனுதாபம். பிள்ளையாருக்கே தொந்தி இருக்கும்போது நமக்கு இருந்தால் என்ன என்று சமாதானம் சொல்லிக் கொள்வோரும் உண்டு. ஆனால் பிள்ளையாருக்கு நீரிழிவு கிடையாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் கிடையாது. மனிதருக்கோ இரண்டும் வருகின்றன.

"வாயைக் கட்டினால் தீர்ந்தது, இதற்குக் கத்தி எதற்கு?" என்று கேட்போர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தேகம் ஒரு பிடிவாதக்காரக் கணக்குப் பிள்ளை. பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தால், அதை நஷ்டமாகவே பதிவு செய்கிறது. பசியைத் தூண்டும் சுரப்புகளை அதிகமாக்குகிறது. செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது. இழந்ததை மீட்டுக் கொண்டுதான் ஓய்கிறது. ஆகவே, மிதமிஞ்சிய பருமன் சோம்பலின் பலன் என்பதை விட்டு, அதை ஒரு நீடித்த நோயாகவே வைத்திய சாஸ்திரம் இன்று கருதுகிறது.

இதற்குச் செய்யும் இரண சிகிச்சை, கொழுப்பை வெட்டி எடுப்பது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியல்ல. சிறு துவாரங்களின் வழியே கருவிகளைச் செலுத்தி, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கையோ அதற்குச் சற்று அதிகமாகவோ அகற்றி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற குழாயாக விட்டுவிடுவது ஒரு முறை. அதை 'ஸ்லீவ்' என்பார்கள். இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது 'பைபாஸ்' என்னும் மற்றொரு முறை. இரண்டிலும் உண்ணும் அளவு குறைகிறது. அத்துடன் பசியின் போக்கே மாறுகிறது. நீரிழிவு பலருக்குத் தணிகிறது.

சிகிச்சைக்குச் செலவு லக்ஷக் கணக்கில் ஆகிறது. ஆதலால்தான் குடும்பஸ்தர் அலமாரியிலிருந்து இன்ஷியூரன்ஸ் பாலிஸியைத் தேடி எடுக்கிறார்.

நிறைக்கும் இன்ஷியூரன்ஸுக்கும் உள்ள உறவு புதிதல்ல. இன்ன உயரத்துக்கு இன்ன நிறைதான் அழகு என்று 1940-களிலேயே அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனி அட்டவணை போட்டுக் கொடுத்தது. இன்று அட்டவணைக்குப் பதில் ஒரு வகுத்தல் கணக்கு: கிலோ நிறையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பெல்ஜிய அறிஞர் கெத்தலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட இந்தக் கணக்குக்கு, பி.எம்.ஐ. என்ற பெயர் 1972-ல் வந்தது.

நம் தேசத்தில் நெடுங்காலம் கம்பெனிகள் இந்தச் சிகிச்சையை "அழகுக்காகச் செய்வது" என்று ஒதுக்கி வந்தன. 2019-ல் இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு பொது விதி வகுத்தது. அதன்படி, டாக்டரின் ஆலோசனை இருக்க வேண்டும்; சிகிச்சை வைத்திய நெறிமுறைகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்; வயது 18 நிறைந்திருக்க வேண்டும்; பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேலிருந்தால், பருமனால் வந்த இருதயத் தசை நோய், இருதய இரத்தக் குழாய் நோய், உறக்கத்தில் மூச்சு அடைபடும் கடுமையான நோய், கட்டுக்கடங்காத நீரிழிவு ஆகியவற்றுள் ஒன்றாவது இருக்க வேண்டும். மற்ற எளிய வழிகள் முயன்று பலிக்காமல் போயிருக்கவும் வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஐந்தேகால் அடி உயரம். அதாவது 160 சென்டிமீட்டர். அவருக்கு 40 என்ற எண் வர 103 கிலோ வேண்டும். 35 வர 90 கிலோ. அவர் 87 கிலோ இருந்து, மருந்துக்கு அடங்காத நீரிழிவும் இருந்தால்? எண் 34, விதியின் வாசற்படிக்கு வெளியே நிற்கிறார். "இன்னும் மூன்று கிலோ ஏறிவிட்டு வாருங்கள்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். விதியின் தாத்பரியம் என்னவோ அதுதான்!

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 40 என்றும் 35 என்றும் வகுத்த அளவுகள் 1991-ல் அமெரிக்காவில் கூடிய வைத்திய நிபுணர் மகாநாட்டில் பிறந்தவை. 2022-ல் இத்துறையின் அமெரிக்க சங்கமும் சர்வதேச சங்கமும் சேர்ந்து அவற்றை மாற்றிவிட்டன. ஆசிய மக்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்வதும் நீரிழிவு வருவதும் குறைந்த நிறையிலேயே நிகழ்வதால், அவர்களுக்கு 27.5 என்ற எண்ணிலிருந்தே சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்றன. நம் உடம்பைப் பற்றி அந்நிய தேசத்து டாக்டர்கள் அறிந்துகொண்டார்கள். நம் பாலிஸி இன்னும் பழைய எண்ணையே பிடித்துக் கொண்டிருந்தால் எப்படி? அந்த விதியை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

விதி மாறும் வரையில் நாம் செய்ய வேண்டியவை உண்டு. முதலாவது, பாலிஸியை முழுவதும் வாசிப்பது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருஷம் வரையில் காத்திருப்புக் காலம் இருக்கலாம். இந்தச் சிகிச்சைக்கென்று தனி உச்சவரம்பும் இருக்கலாம். இரண்டாவது, பாலிஸி எடுக்கும்போதே நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதுவது. ஏஜெண்டு "அதெல்லாம் வேண்டாம்" என்றால், பணம் மறுக்கப்படும் தினத்தில் அந்த ஏஜெண்டு அருகில் இருக்க மாட்டார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மூன்றாவது, தாள்களைச் சேர்ப்பது. ஆஸ்பத்திரியில் அளந்த உயரம், நிறை. ஆகாரக் கட்டுப்பாட்டையும் மருந்தையும் எத்தனை மாதம் முயன்றோம் என்பதற்கு டாக்டரின் குறிப்புகள். உறக்கப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை முடிவுகள். "எத்தனையோ முயன்றேன்" என்ற வாய்ச்சொல்லுக்குக் கம்பெனியில் மதிப்பில்லை. தேதியிட்ட காகிதத்துக்குத்தான் மதிப்பு.

ஆஸ்பத்திரியில் சேருமுன்பே முன் அனுமதி கேட்க வேண்டும். பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் முன் அனுமதியில் குறிக்கும் தொகை முழுப் பில்லுக்கும் உத்தரவாதமாகாது. கைப்பொறுப்பாகக் கொஞ்சம் பணம் வைத்திருப்பது விவேகம்.

மறுத்துவிட்டால்? எந்த ஷரத்தின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஒரு வருஷத்துக்குள் இன்ஷியூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். சென்னையிலும் அவருக்குக் காரியாலயம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.

இனி, தேகத்தைத் தயார் செய்வது. புகையிலையைச் சில வாரங்களுக்கு முன்பே அடியோடு விட வேண்டும்; இல்லையேல் புண் ஆறுவது தாமதமாகும். இரும்புச் சத்து, பி-12, டி வைட்டமின்கள் குறைவாக இருந்தால் முன்கூட்டியே சரிசெய்து கொள்ள வேண்டும். மனநல நிபுணரைப் பார்க்கச் சொன்னால் கோபிக்கக் கூடாது. வாழ்க்கை முறையே மாறப் போவதால் மனமும் ஆயத்தமாக வேண்டும் அல்லவா? சிகிச்சைக்கு முன் இரண்டு வாரம்போல், மாவுப் பண்டங்களைக் குறைத்துப் புரதம் மிகுந்த ஆகாரம் கொடுப்பார்கள். இரைப்பைமேல் கவிந்திருக்கும் கொழுத்த ஈரல் சுருங்கினால்தான் டாக்டரின் கருவிக்கு வழி கிடைக்கும். "கடைசியாக ஒரு விருந்து" என்று உறவினர் இந்த இரண்டு வாரத்தில் அழைத்தால், கும்பிட்டு மறுத்துவிட வேண்டும்.

பிறகும் காரியம் முடிந்துவிடுவதில்லை. முதலில் நீர் ஆகாரம், அப்பால் கூழ், அதற்கப்பால் குழைவானவை, கடைசியில் சாதாரண உணவு என்று வாரக் கணக்கில் ஏற வேண்டும். சோற்றுக்கிடையே தண்ணீர் குடிக்கும் நம் பழக்கம் போக வேண்டும். தினம் 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். சைவக் குடும்பங்களில் பருப்பு, தயிர், பன்னீர் ஆகியவற்றுக்கு இலையில் முதலிடம் தந்து, சாதத்தை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். குழந்தை வேண்டுமென்றிருக்கும் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை பொறுத்திருக்க வேண்டும். வைட்டமின் மாத்திரைகளும் வருஷாந்தர இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் தொடரும். இந்தச் செலவைப் பெரும்பாலான பாலிஸிகள் ஏற்பதில்லை. பால் கணக்கைப் போல் மாதச் செலவில் சேர்த்துவிட வேண்டியதுதான்.

வீட்டிலுள்ளோருக்கு ஒரு வார்த்தை. சிகிச்சை ஒருவருக்கு நடந்தாலும், மாற வேண்டியது சமையலறை. அவருக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் கூழ் வைத்துவிட்டு, எதிரே நாலுபேர் உட்கார்ந்து ஜிலேபி சாப்பிட்டால், டாக்டர் போட்ட தையல் நிற்கும். மனத்தின் தையல் பிரிந்துவிடும். "அறுத்துக் கொண்டுதானே இளைத்தான்!" என்ற பரிகாசத்தையும் தயவு செய்து விட்டுவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவரை நாம் பரிகாசம் செய்கிறோமா?