பரணில் கிடக்கும் கேசட்டுகளும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

மாட்டுங்காவோ, செம்பூரோ, டோம்பிவிலியோ, மும்பைத் தமிழர் வீட்டுப் பரணில் பெரும்பாலும் ஒரு பெட்டி இருக்கும். அக்காவின் கல்யாணம், குழந்தையின் ஆண்டு நிறைவு, கோடை விடுமுறையில் ஊருக்குப் போனது, சங்கத்துப் பொங்கல் விழா நாடகம் என்று அதில் வீடியோ கேசட்டுகள் அடுக்கியிருக்கும். போட்டுப் பார்க்க வி.சி.ஆர். இல்லை, தூக்கிப் போட மனமும் இல்லை. வீடியோ எடிட்டிங்குக்கென்று வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் அமைக்க நினைக்கும் அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: இனி எடுக்கப் போகும் படங்கள் காத்திருக்கட்டும். முதலில் இந்தப் பெட்டியைக் கவனியுங்கள்.

காரணம், காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த வி.எச்.எஸ். கேசட்டை ஓட்டும் கருவியைக் கடைசிவரை தயாரித்து வந்த ஃபனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பவை எல்லாம் பழைய கருவிகளே. ரிப்பேர் செய்யத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். போதாததற்கு நம் ஊர் மழைக்காலம். ஈரக்காற்றில் நாடா மீது வெள்ளைப் பூஞ்சை படரும். அப்படிப்பட்ட கேசட்டை அவசரப்பட்டு ஓட்டினால் வி.சி.ஆரின் ஹெட்டும் கெடும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும்.

"கடையில் கொடுத்தால் மாற்றித் தருகிறார்களே, கம்ப்யூட்டர் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூஞ்சை பிடித்ததையும் நாடா அறுந்ததையும் விஷயம் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் மற்றவற்றை வெளியே கொடுக்க நான் தயங்குகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கிருகப்பிரவேச கேசட்டை மாற்றித் தந்தவர், "ஒரே பேச்சுச் சத்தமாக இருந்தது" என்று சொல்லி, ஒலியை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைச் சேர்த்துக் கொடுத்தார். அந்தப் பேச்சுச் சத்தம், காலமாகிவிட்ட பாட்டி வந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே அழைத்தது. அவருக்கு அது சத்தம்; நமக்கு அதுதான் கேசட்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் பள்ளியில் மராத்தியும் ஹிந்தியும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். திருநெல்வேலித் தாத்தா எப்படிப் பேசினார், தஞ்சாவூர் அத்தை எப்படிக் கேலி செய்தாள் என்பதை இனி அவர்கள் இந்த நாடாக்களில்தான் கேட்க முடியும். படம் மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். குரல் போனால் திரும்பாது.

சரி, கம்ப்யூட்டர் எப்படி இருக்க வேண்டும்? லாமிங்டன் ரோட்டில் இறங்கினால் ஆளுக்கு ஒன்றைக் காட்டி மயக்குவார்கள். பழைய கேசட் வேலைக்கு நடுத்தரமான பிராசசரும், 16 ஜி.பி. நினைவகமும் போதும். பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் சேமிப்பு. இயங்குதளத்துக்கும் எடிட்டிங் வேலைக்கும் ஒரு எஸ்.எஸ்.டி.; பாதுகாத்து வைக்க இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க்குகள். கணக்கு எளிது. டி.வி. என்ற வடிவத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும். மூன்று மணி நேரக் கல்யாண கேசட் ஒன்றுக்கே 39 ஜி.பி.! அப்படி முப்பது கேசட் இருந்தால் 1,170 ஜி.பி. ஆகிவிடும்.

மடிக்கணினியைவிட மேஜைக் கம்ப்யூட்டரையே நான் சிபாரிசு செய்வேன். 1995-ல் வந்த மினி டி.வி. கேசட்டுகள் உங்களிடம் இருந்தால், அவற்றைப் படத்தரம் குறையாமல் இறக்க ஃபயர்வயர் இணைப்பு வேண்டும். புதிய கம்ப்யூட்டர்களில் அது வருவதில்லை; மேஜைக் கம்ப்யூட்டரில் தனி கார்டு போட்டுக்கொள்ளலாம். வி.எச்.எஸ். கேசட்டுகளுக்கோ யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய கேப்சர் கருவி போதும். நம் நாட்டுக் கேசட்டுகள் 'பால்' முறையில் பதிந்தவை. (காய்ச்சிக் குடிக்கும் பால் அல்ல, நொடிக்கு 25 சட்டங்கள் காட்டும் வண்ண முறை.) கருவியில் அந்த முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பட்டுப்புடவைகள் எல்லாம் கறுப்பு வெள்ளையாகிவிடும். ஓட்டுவதற்குமுன், கேசட்டின் முதுகுப்பக்கம் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை ஒடித்துவிடுங்கள். தவறிப்போய் மேலே வேறெதுவும் பதியாது. மூன்று மணி நேர கேசட்டைப் பதிய மூன்று மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி கிடையாது.

எடிட்டிங்குக்கு ஷாட்கட், கேடென்லைவ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை. எதை எடுத்தாலும் ஒரு விதி: மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். அதன் நகலில்தான் வெட்டுதலும் ஒட்டுதலும். சுவாரசியம் இல்லை என்று இன்று நாம் வெட்டும் பந்திக் காட்சியில்தான் நாளை ஒரு பேத்தி தன் கொள்ளுப்பாட்டியைத் தேடுவாள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், என்ன உறவு என்று கீழே தமிழிலேயே எழுதிவையுங்கள். யூனிகோட் எழுத்துகள் வந்தபின் அது கடினமே அல்ல. ஆனால் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. கம்ப்யூட்டரை அடுத்த வருஷமும் வாங்கலாம். பெரியப்பாவிடம் அடுத்த வருஷம் கேட்கலாம் என்பது நிச்சயமில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பைக்காரர்கள் மறந்திருக்க முடியாது. தண்ணீர் புகுந்த வீடுகளில் ஆல்பம், கேசட் என்ற பேதமே இல்லாமல் எல்லாம் நனைந்தன. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வெளியூரில் என்பது நல்ல வழக்கம். ஊரில் அண்ணன் வீட்டு பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கட்டும்.

எல்லோராலும் தனித்தனியே இவ்வளவும் வாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சங்கங்கள் இங்கேதான் முன்வர வேண்டும். ஒரு நல்ல வி.சி.ஆர்., ஒரு கேப்சர் கருவி, ஒரு கம்ப்யூட்டர் இவற்றைச் சங்க அறையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் உறுப்பினர்கள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். வேலை தெரிந்த கல்லூரி மாணவர்களும் பெயர் தெரிந்த பெரியவர்களும் அருகருகே உட்காரட்டும். ஒரு தலைமுறைக்கு மௌஸ் பிடிக்கத் தெரியும். இன்னொரு தலைமுறைக்கு முகங்களைத் தெரியும். இரண்டும் ஒரே மேஜைக்கு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். அடுத்த மழைக்கு முன் பெட்டியை இறக்குங்கள்.