கரப்பானுக்கு அம்மாவைப் பட்டினி போடாதீங்க

பிலிமத்தலாவைப் பக்கம் ஒரு கைக்குழந்தையின் கன்னம் சிவந்து, சொரசொரத்து, ராவெல்லாம் சொறிஞ்சு அழுதா, விசாரணை முதலில் அம்மாவின் தட்டில்தான். இறால் தின்னியா? கத்தரிக்காய்? அன்னாசி? கடைசியில் பால் கொடுக்கிறவளுக்குச் சோறும் ரசமும்தான் மிச்சம்.

கலைப்பீடத்துக்காரருக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கலாம். பழி யார் மேல் விழுது என்பது எங்கள் பாடம்தான். எக்ஸிமா பெரும்பாலும் தோலின் கதை. ஃபிலாக்ரின் மரபணுவில் குறை இருந்தால் தோலில் ஈரம் தங்காது, எக்ஸிமா வர வாய்ப்பு அதிகம் என்று 2006இல் தெரியவந்தது. அது அப்பாவிடமிருந்தும் வரலாம். அவர் தட்டை யாரும் பார்ப்பதில்லை.

மலைக்குளிருக்கு வெறும் உடம்பில் மாட்டுற கம்பளி ஸ்வெட்டரைப் பாருங்க, அது அரிப்பைக் கூட்டும். உள்ளே பருத்திச் சட்டை போடுங்க. குளிப்பு இளஞ்சூட்டு நீரில், பத்து நிமிஷத்துக்குள்ள, வாசனைச் சோப் இல்லாமல். ஒற்றித் துடைச்சு, ஈரம் காயுமுன்னே வாசனையில்லாத கிரீம் தடிப்பாகப் பூசணும். வெள்ளை வஸலினே போதும். தினம் இரண்டு தரமாவது.

டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்ட் கிரீமை அவர் சொன்னபடி பூசப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது சீட்டில்லாமல் வாங்கும் பேர் தெரியாத டியூப்புக்கு. சீழ் வெச்சால், காய்ச்சல் வந்தால், பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரி தூரமில்லை.

சில குழந்தைக்கு முட்டை, பசுப்பால் ஒத்துக்காது, உண்மைதான். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் அந்த அக்காவுக்கு மீன் கறி ஊத்துங்க.